செவலை இறுக்காத நட்டு

நாய்கள் பைக்கைத் துரத்தாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அவை பைக்கில் ஏறித்தான் போய்க்கொண்டிருந்தன. நாய் பேசும், வண்டி பேசும், வண்டியில் கட்டிய பெட்டிகூட நினைத்தால் பேசும். ஆனால் உப்பளத்து வெயிலில் யாருக்கும் அதிகம் பேசத் தெம்பிருக்காது.

கடற்கரையில் மீன் எடுத்து உள்ளூர்களில் விற்கிற சூசைமணியிடம் ஒரு பழைய பைக் இருந்தது. செவலை என்று ஒரு செந்நிற நாயும் இருந்தது. மீன்பெட்டிமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வருகிறதையெல்லாம் சொல்வது செவலையின் வேலை.

"பின்னால உப்பு லாரி அண்ணாச்சி, ஒதுங்குங்க."

"ஒதுங்கியாச்சு."

"பஸ் வருது."

"வரட்டும்."

"பூனை வருது."

"மீன் வண்டிக்குப் பின்னால பூனை வராம பொண்ணு வீட்டுக்காரங்களா வருவாங்க. அதையெல்லாம் சொல்லாதல."

செவலை கடந்துபோன ஊர்களைத்தான் பார்த்திருந்தது. வரப்போகும் ஊர் எதையும் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் புழுதி, கழுத்தெல்லாம் வலி. உடைமர நிழலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்து தூங்க வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

ஒருநாள் சூசைமணி சந்தையிலிருந்து வட்டமான கண்ணாடி ஒன்று வாங்கிவந்து ஹேண்டில்பாரில் மாட்டினார்.

"இனி பின்னால வாரத இது பார்த்துக்கிடும். தெளிவாத் தெரிஞ்சா உன்னை இறக்கி விட்டுருதேன். தெரியலேன்னா நீதான் ஏறணும். லாரிக்கு அடியில போவ எனக்கு ஆசையில்ல."

வண்டி கிளம்பியது. கண்ணாடி ஆட ஆரம்பித்தது. அதற்குள் தெரிந்த எருமை பஸ் மாதிரி இருந்தது, பஸ் பந்தல் மாதிரி இருந்தது.

"எ-எ-என்னைக் க-கழட்டிருங்க அ-அண்ணே," என்றது கண்ணாடி.

செவலை பெருமூச்சு விட்டது. அன்றைக்கும் பெட்டிமேல்தான் பயணம்.

வியாபாரம் முடிந்து திரும்பிய சாயங்காலம், மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சூசைமணி பெட்டி கழுவப் போனார். "என்ன கோளாறுன்னு பாருல," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இஞ்சின ஓட விடு," என்றது செவலை வண்டியிடம்.

"இப்பத்தான மூச்சு விட்டேன்," என்று முனகிக்கொண்டே வண்டி டுபுடுபு என்றது. "பழிய எம்மேல போடாத. நடுங்குறதுதான் என் பொழப்பு. நடுங்காத வண்டி செத்த வண்டி."

செவலை முன்காலைத் தூக்கிக் கண்ணாடி வட்டத்தின்மேல் வைத்து அழுத்தியது. ஆட்டம் நிற்கவில்லை. வட்டத்துக்குப் பின்னால், அதைத் திருப்பி வைக்கிற மூட்டுப் பகுதியைப் பிடித்துப் பார்த்தது. அது கெட்டியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. பிறகு கண்ணாடியைத் தாங்குகிற கம்பியின் அடியில், ஹேண்டில்பாரோடு சேருகிற இடத்தில் காலை வைத்து அமுக்கியது. ஆட்டம் சட்டென்று நின்றது.

"அங்கதான்," என்றது கண்ணாடி, முதல்முறையாகத் திக்காமல்.

கம்பியின் அடிநட்டு லொடலொடவென்று சுற்றியது. செவலை மரத்தடியில் கிடந்த பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டைக் கடித்தெடுத்து இடையில் கொடுத்து, நட்டைப் பல்லால் திருகியது. திருகத் திருக நட்டு உட்கார்ந்தது.

"பல்லு பத்தாது," என்றது வண்டி. "ஒரு ஸ்பேனர்ல கம்பியப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு ஸ்பேனர்ல நட்ட இறுக்கணும். ரெண்டும் என் சீட்டுக்கு அடியில கெடக்கு."

சீட்டைத் தூக்க வேண்டும். ஸ்பேனரைத் தேட வேண்டும். கம்பியைப் பிடிக்கச் சூசைமணியைக் கூப்பிட வேண்டும். நினைக்கும்போதே செவலைக்குக் கண் சொருகியது.

சூசைமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அவர் பின்னால் இருந்த பனை பனையாகவே தெரிந்தது.

"ஸ்பேனர் போட்டு இறுக்கினியால?"

செவலை வண்டியைப் பார்த்தது. வண்டி எங்கேயோ பார்த்தது.

"போட்டுத்தான் இறுக்கினேன் அண்ணாச்சி."

"அப்பம் நாளைக்கு நீ படுத்துக்க."

மறுநாள் காலையில் சூசைமணி தனியாகக் கிளம்பினார். செவலை நிழலில் காலை நீட்டிப் படுத்தது. தூக்கம் கண்ணைத் தொட்ட நேரத்தில், சாலைத் திருப்பத்திலிருந்து ஒரு குரல் மெலிதாக வந்தது.

"அ-அ-அண்ணே."

செவலை எழுந்து ஓடியது. பெட்டிமேல் ஆளில்லை. பின்னால் பார்த்துச் சொல்ல ஆளில்லை. இந்நேரம்தான் உப்பு லாரிகள் வரிசையாக வரும்.

"அண்ணாச்சி, நில்லுங்க. நட்டு கழலுது. நான் ஸ்பேனர் போடல. பொய் சொல்லிட்டேன், நில்லுங்க."

இஞ்சின் சத்தத்தில் சூசைமணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். செக்கச்செவேலென்று ஏதோ ஒன்று, சாலையளவு அகலமாக, வாயைப் பிளந்துகொண்டு வந்தது.

"யாத்தே, பிரேக் இல்லாத லாரி போல," என்று ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

"அ-அ-அ-" என்றது கண்ணாடி. "அது நாய்" என்று சொல்ல வந்து, முதல் எழுத்தைத் தாண்ட முடியாமல் ஆடியது.

அவர் முறுக்க முறுக்கச் செவலை வேகமாக ஓடியது. செவலை நெருங்க நெருங்க அவர் இன்னும் முறுக்கினார். வாயைத் திறந்துகொண்டு ஓடியதில் பேச்சு ஒவ்வொன்றாகப் புழுதியில் உதிர்ந்தது. அண்ணாச்சி போயிற்று. நட்டு போயிற்று. பொய் சொன்னேன் என்பதும் போயிற்று. கடைசியில் தொண்டையில் மிஞ்சியது "வள்" மட்டும்தான். பைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

சூசைமணி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சிவப்பு லாரிக்குப் பயந்து, அந்தப் பக்கமே திரும்பி வராமல் வியாபாரத்தை வேறு பாதைக்கு மாற்றிக்கொண்டார். அது செவலைக்குத் தெரியாது. சாலையோரத்திலேயே காத்துக் கிடந்தது. போகிற பைக்கெல்லாம் அண்ணாச்சியின் பைக் போலவே இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், பைக் சத்தம் கேட்டால் எவ்வளவு அசதியில் கிடந்தாலும் நாய்கள் எழுந்து குரைத்துக்கொண்டே பின்னால் ஓடுவது. வண்டியை நிறுத்திப் பாருங்கள், கடிக்காது. ஓட்டுகிறவர் முகத்தை ஒருமுறை பார்க்கும், கண்ணாடியை ஒருமுறை பார்க்கும், சொல்ல வந்ததைச் சொல்ல வாயில் ஒன்றும் இல்லாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகும்.