முப்பது நாள் அவகாசம்

தவசிலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. அவருக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த பொற்கொடி அம்மாவுக்கு முப்பத்தைந்துதான். தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் பாய் விரித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பேரை உட்கார வைப்பார். வயதில் மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தவசிலிங்கத்துக்கு முகநூலில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டால் அவர்களிடம்தான் கேட்பார். வீட்டில் பெற்ற அம்மாவின் முட்டிவலிக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, சாம்பாரில் உப்புக் கூடினால் என்ன செய்வது, எல்லாமே அங்கேதான். ஐந்து நிமிடத்தில் ஐம்பது பதில் வந்துவிடும்.

ஒருநாள் காலையில், முகம் தெரியாத ஒருவரோடு அங்கே வாக்குவாதம் தொடங்கியது. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா தனியாகச் சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்பா" என்றார்.

அன்றைக்கே தவசிலிங்கம் தன் முகநூல் கணக்கை அழிக்கச் சொல்லி எழுதி அனுப்பிவிட்டார். முப்பது நாளுக்குள் மனம் மாறி உள்ளே நுழைந்தால் எல்லாம் பழையபடி கிடைக்கும், தாண்டினால் கிடைக்காது என்று பதில் வந்தது.

அதன் பிறகு கண்ணைக் கட்டி நடுத்தெருவில் விட்டமாதிரி இருந்தது. கேஸ் தீர்ந்த அன்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு வேளையும் ஓட்டல் இட்லி வாங்கி வந்தார். மோட்டார் மறுபடி மக்கர் செய்தது. ஒரு பாதி நாள் அதன் எதிரில் குந்தியிருந்து, கடைசியில் தானே கழற்றிப் பார்த்துச் சரிசெய்தார். அதைச் சொல்லவும் ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இருபத்திரண்டாம் நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம். ஒரு யூனிட் இருக்கு, இன்னொண்ணு வேணும். சாயங்காலத்துக்குள்ள ஆள் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

தவசிலிங்கத்தின் ரத்தம் சேரவில்லை. சித்தியை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு நேரே சைக்கிள் கடை மாடிக்கு ஓடி, பொற்கொடி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அம்மா, நான் திரும்ப முகநூலுக்குப் போகட்டுமா?"

"போங்க. யாரு வேண்டாம்னது? பெத்தவங்க உயிராச்சே."

தவசிலிங்கம் போனை எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுவரைக்கும் யார் யார்கிட்ட கேட்டீங்க?" என்றார் பொற்கொடி அம்மா.

"யார்கிட்டயும் கேக்கல."

"ஏன்?"

தவசிலிங்கம் போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, "எப்படிக் கேக்கறதுன்னு தெரியலம்மா. அங்கன்னா எழுதிப் போட்டாப் போதும். ஒருத்தர் முகத்தையும் பாக்க வேண்டாம்" என்றார்.

பொற்கொடி அம்மா எழுந்து செருப்பை மாட்டினார்.

"உங்க வீட்டுக்கு வண்டிய விடுங்க."

தவசிலிங்கம் குடியிருந்தது எட்டு வீடுகள் உள்ள அடுக்ககம். வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முதல் கதவின் முன் நின்றதும், பொற்கொடி அம்மா பேசுவார் என்று அவர் ஒதுங்கினார். பொற்கொடி அம்மாவோ கைகட்டி நின்றுகொண்டார்.

"எனக்கு இங்க யாரையும் தெரியாது. நீங்கதான் கேக்கணும்."

முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு பெண், "எனக்கு பி பாசிட்டிவ் அண்ணே" என்று வருத்தப்பட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி நான் வச்சுக் கொடுத்து விடுதேன்" என்றார்.

மூன்றாவது வீட்டில் பனியன் போட்ட ஒருவர் சோற்றுக் கையோடு வந்து கதவைத் திறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பெயர் இருதயராஜ் என்பதே தவசிலிங்கத்துக்கு அன்றுதான் தெரியும்.

"எங்க அம்மாவுக்கு..." என்று தொடங்கிய தவசிலிங்கம் பாதியில் அழுதுவிட்டார். எப்படியோ சொல்லி முடித்தார்.

"மொட்டமாடியில வத்தல் காயப்போடுவாகளே, அந்த அம்மாவா? என் வீட்டுக்காரிக்குக் கீரையெல்லாம் ஆஞ்சு கொடுப்பாக. எனக்கு ஓ நெகட்டிவ்தான். இந்தச் சோத்த முடிச்சிட்டு வந்திருதேன். வெறும் வயித்துல எடுக்க மாட்டாக" என்றார் இருதயராஜ்.

சாப்பிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, தவசிலிங்கத்தின் வண்டியிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் அம்மா வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைத்தார். "பொறந்ததுலேருந்து சைவம். அந்தத் தம்பி ரத்தம் ஏறினதுலேருந்து மீன்குழம்பு வாசம் பிடிக்குதுடா" என்று சிரித்தார். தவசிலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் நாள் அவர் பொற்கொடி அம்மாவிடம் வந்தார்.

"நாளையோட முப்பது நாள் முடியுதும்மா. ஒரே ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துரட்டுமா?"

"எதுக்கு?"

"நன்றி சொல்லி எழுதணும். இவ்வளவு பெரிய உதவி. சும்மா விட மனசு வரல. ராத்திரி தூங்காம எழுதி வச்சிருக்கேன்."

"வாசிங்க."

வாசித்தார். நான்கு பக்கம். இடையில் இரண்டு முறை குரல் கம்மியது. பொற்கொடி அம்மா கடைசி வரி வரை அசையாமல் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இருதயராஜ் அண்ணன் அங்க இருக்காரா?"

"இல்லம்மா. அவர்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு."

"அப்ப அவர்கிட்டயே போய் வாசிச்சுக் காட்டுங்க."

தவசிலிங்கம் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நேர்லயாம்மா? முகத்தப் பாத்தா எனக்கு வார்த்தை வராதே."

"ரத்தம் கேக்கும்போது வந்துச்சே."