புலியின் படம் போட்ட பல்பொடி

தாழைக்குளத்தில் நெடுங்காலன் என்றொரு கொக்கு இருந்தது. அதனிடம் ஒரு கேமரா இருந்தது. மீனுக்காக ஒற்றைக் காலில் நின்று பழகியதால், நல்ல படத்துக்காகவும் அதேபோல் அசையாமல் காத்திருக்கும்.

ஒருநாள் புலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. எந்தப் பல் வலிக்கிறது என்று அதற்கே தெரியவில்லை. வாய்க்குள் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொன்னது. கொக்கு எடுத்தது. கடைவாயில் சொத்தைப்பல் பளிச்சென்று தெரிந்தது. வலியில் வாயைப் பிளந்து அலறும் அந்தப் படம் புலிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதை எல்லோரும் பார்க்க மாட்டலாமா என்று கொக்கு கேட்டது. புலி சம்மதித்தது. கொக்கு படத்தின் ஓரத்தில் தன் கால்தடத்தை அடையாளமாகப் பதித்து, குளக்கரை மருதமரத்தில் தொங்கவிட்டது.

அந்தக் காட்டில் கருமூஞ்சி என்ற குரங்கு பல்பொடி விற்றுவந்தது. மூங்கில் சாம்பலில் செவ்வெறும்பை இடித்துச் சேர்த்த பொடி. யாரும் வாங்கவில்லை. புலியின் படத்தைப் பார்த்ததும் குரங்கு அதைப் பறித்தது. கால்தடம் இருந்த ஓரத்தைக் கடித்துத் துப்பியது. மீதியைப் பார்த்து நூற்றுக்கணக்கில் அச்சடித்துப் பொட்டலங்களில் ஒட்டியது. ‘புலியார் பல்பொடி’ அமோகமாக விற்றது.

கொக்கு நேரே போய்க் கேட்டது. “அது நான் எடுத்த படம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“மரத்தில் தொங்கியது. மரத்தில் தொங்குவதைப் பறிப்பதுதான் எங்கள் குலத்தொழில்” என்றது குரங்கு.

கொக்குக்கு அன்று மீன் இறங்கவில்லை. யோசித்து யோசித்து, புலிப்படத்துக்கு இன்னொரு பிரதி போட்டு மரத்தில் மாட்டியது. பிறகு அங்கே மாட்டியிருந்த எல்லாப் படங்களின் நடுவிலும் பெரிதாகக் கால்தடம் பதித்தது. பார்க்க வந்த மான் ஜோடி தங்கள் கல்யாணப் படத்தைத் தேடிக் களைத்து, “எங்கள் முகத்தின்மேல் யார் நடந்துபோனது?” என்று கேட்டுவிட்டு வருத்தத்தோடு திரும்பியது. மற்றவர்களும் படங்களை விட்டுவிட்டு, கொக்கின் கால் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

குரங்கு அதற்கும் அசரவில்லை. முகத்தில் கால்தடம் பதிந்த புலிப்படத்தையும் எடுத்து ஒட்டி, ‘கால்முத்திரை பதித்த அசல் பல்பொடி’ என்று விலையை ஏற்றியது.

அதை வாங்கித் தேய்த்த எருமைக்கு ஈறு வீங்கிவிட்டது. காட்டுப்பன்றிக்கு நாக்கு வெந்தது. பொட்டலத்தில் புலியின் முகம் இருந்ததால் எல்லோரும் புலியின் குகைக்கே போய் நியாயம் கேட்டார்கள். புலி பொட்டலத்தை வாங்கிப் பார்த்தது. தன் மூக்கின்மேல் ஒரு கொக்கின் கால். அப்படியே குரங்கின் மரத்தடிக்குப் போனது. காடே பின்னால் போனது.

“யாருடைய படம் இது?”

குரங்கு உச்சிக்கிளையில் ஒட்டிக்கொண்டது. “சத்தியமாக என்னுடையது இல்லை ஐயா. அது நெடுங்காலனுடைய படம். இதோ பாருங்கள், அவர் கால்தடம் நடுவிலேயே இருக்கிறது!”

புலி திரும்பியது. மறுத்துவிட்டால் தப்பிக்கலாம். ஆனாலும் கொக்கு முன்னால் வந்தது.

“ஆமாம், என் படம்தான். எடுக்கச் சொன்னது நீங்கள். மாட்டலாமா என்று உங்களிடம் கேட்டேன். பல்பொடிக்கு ஒட்ட நான் யாருக்கும் கொடுக்கவில்லை. தடத்தை நடுவில் பதித்ததும் திருட்டுக்குப் பயந்துதான்.”

புலிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தது. “அடே, அந்தப் படத்தில் நான் பல்வலியில் கத்துகிறேன். அதை ஒட்டியா பல்பொடி விற்றாய்?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் குரங்கு கிளை நழுவிக் கீழே விழுந்தது. புலி அதை அடிக்கவில்லை. விற்காத பொட்டலம் அத்தனையிலிருந்தும் படத்தை உரித்து, கொக்கின் காலடியில் வைக்கச் சொன்னது. பசை காய்ந்திருந்ததால் குரங்குக்கு நகமெல்லாம் தேய்ந்தது.

அதன்பிறகு வெறும் பொட்டலத்தை யாரும் சீந்தவில்லை. குரங்கு தயங்கித் தயங்கிக் கொக்கிடம் போய் ஒரு படம் வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டது. படத்தில் இருக்கப்போகிறவரையும் கேட்டு வா என்றது கொக்கு. கேட்கப்பட்ட யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் எருமை மட்டும், செவ்வெறும்பை நிறுத்தினால் சரி என்றது.

கொக்கு படம் எடுத்தது. எருமைக்கு முன்வாயில் மேல்பல்லே கிடையாது. அந்தப் பொக்கைச் சிரிப்போடு, கீழே ‘படம்: நெடுங்காலன்’ என்ற எழுத்தோடு பல்பொடி கடைக்கு வந்தது. விற்பனை சுமார்தான். ஆனால் புலி அந்தப் பக்கம் வந்தபோது குரங்கு மரமேறி ஒளியவில்லை.

அடுத்தவர் உழைத்து எடுத்த படத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறவர், அதனால் வரும் வம்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.