தனக்கென்று ஓர் அடி

“இந்தக் கால் யாருடைய கால், அம்மா? எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!”

கோமதிநாயகம் மடத்து நிலைப்படியில் நின்று கத்தினார். உள்ளே வந்து கத்தத்தான் ஆசை. நிலைப்படியைக் கண்டதும் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன.

கூடத்தின் அந்தக் கோடியில் உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடத்துக்கு அவள்தான் குரு. இந்தச் சீடரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். தலை நிமிரவில்லை.

“கை தட்டட்டுமா, அண்ணாச்சி?”

“தட்டாதீங்க!”

கோமதிநாயகம் கோயிலில் சாமி தூக்கியவர். தவில்காரர் முதல் தட்டு தட்டாமல் தூக்குகிறவர் யாரும் கால் எடுக்கக் கூடாது என்பது அங்கே முறை. அவர் நடைக்குச் சப்பரம் அசையாது. ஒரு திருவிழாவில் சப்பரத்து உச்சியில் குருவி கூடு கட்டி, சாமி திரும்பி வந்த அன்று குஞ்சோடு இறங்கியது. குஞ்சைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது வியாதி. டாக்டர் சொல்லிவிட்டார்: “நாமாக நினைத்து நடக்க மூளையில் ஒரு பாதை. சத்தம் கேட்டோ, கோட்டைப் பார்த்தோ நடக்க வேறொரு பாதை. உங்களுக்கு முதல் பாதையில்தான் கோளாறு.”

கை தட்டினால் கால் கிளம்பும். அவர் நினைத்தால் கிளம்பாது.

“வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. கல்யாணத்தப்போ சம்பந்தி வீட்டு வாசல்ல இப்படித்தான் நின்னுட்டேன். சம்பந்தியோட மச்சான் கை தட்டி, ‘ஹை, ஹை’ன்னு மாடு மாதிரி ஓட்டிட்டுப் போனான். பந்தியே சிரிச்சுது. எம்மக சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.”

“சரி.”

“என்ன சரி? குடிகாரன் தட்டினா நடக்குது. காத்துல கதவு அடிச்சா நடக்குது. நான் சொன்னா மட்டும் நடக்காதா? எனக்குன்னு ஒரே ஒரு அடி வேணும். நானா நினைச்சு, நானா வைக்கிற அடி!”

“அப்படி ஒரு அடியை எவன் வச்சிருக்கான்?”

“நீங்க வச்சிருக்கீங்களே!”

“நானா? பால்காரன் மணியடிச்சான், எழுந்தேன். பசிச்சுது, அடுப்படிக்குப் போனேன். இந்த உடம்பு என்னைக் கேட்டுக் கிளம்பினதே இல்ல. கிளம்பினப்புறம் எனக்குச் சொல்லி அனுப்பும். நானும், ‘ஆமா, நான்தான் சொன்னேன்’னு மீசை முறுக்கிக்கிடுவேன்.”

“உங்களுக்கு மீசை ஏது? என் மானம் போகுது, உங்களுக்கு விளையாட்டா இருக்கு!”

“பின்னே என்ன? சாமி தூக்கினப்போ மட்டும் நீங்களா நடந்தீங்க? அத்தனை வருஷமும் நடந்தது தவில்காரன். நீங்க வெறும் கட்டை.”

கோமதிநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. கட்டையா? இந்தத் தோள் காய்த்துக் கிடப்பதைப் பார்த்துமா?

“யாரைப் பார்த்துக் கட்டைங்கிறீங்க? கொட்டுற மழையில, முழங்கால் சகதியில, பக்கத்துத் தோள்காரன் மயங்கி விழுந்தப்போ அவன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கினவன் நான்! தவில் தட்டிச்சு, இல்லேங்கல. அந்தத் தட்டுக்குக் கால் எடுத்தது யாரு? தவிலா எடுத்துச்சு? சாமியா எடுத்துச்சு? நான்! நான்! நான்!”

ஒவ்வொரு நானுக்கும் அவள் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினார்.

உலகம்மை கீரையைக் கீழே வைத்தாள்.

“ஒத்துக்கிட்டேன், அண்ணாச்சி. நீங்களேதான். இப்போ என் கால் மேலிருந்து இறங்குங்க.”

அவர் குனிந்து பார்த்தார். திரும்பிப் பார்த்தார். நிலைப்படி கூடத்துக்கு அந்தப் பக்கம், எங்கேயோ இருந்தது.

இறங்க நினைத்தார். கால் அசையவில்லை.

இன்னொரு தடவை நினைத்தார்.

“அம்மா,” என்றார், குரல் இறங்கிப்போய். “ஒரு தட்டு தட்டுங்களேன்.”

“என் கை முழுக்க மண்ணு,” என்றாள் உலகம்மை. “நீங்களே தட்டுங்க. சீக்கிரம், விரல் நசுங்குது.”