முட்டை அடுப்பை மூடும் விதம்

“ரெண்டு வருஷம் ஆச்சும்மா. கொஞ்சம்கூடக் குறையலை” என்றார் சற்குணம்.

வேதவல்லி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தினமும் விடியற்காலையில கண்ணை மூடி உட்கார்றேன். இன்னைக்காவது ஆறியிருக்கான்னு உள்ளே பார்க்கிறேன். நேத்து நடந்த மாதிரியே இருக்கு. எம் பையன் கடைசியா எங்கிட்ட கேட்டது வண்டிச் சாவி. நான்தானே எடுத்துக் கொடுத்தேன்.”

“அடுப்பை மூடிட்டீங்களா?” என்று கேட்டார் அம்மாள்.

சற்குணத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“மூடிட்டேன்” என்றார். “நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்பறேன்.”

“சரி.”

அவ்வளவுதான்.

கொல்லிமலைச் சரிவில் இருந்தது அந்தத் தியான வீடு. அங்கே குருவாக இருந்த அம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சற்குணத்துக்கு ஐம்பத்தாறு. கடலூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் இருபது வருஷம் கரியில் மீன் சுட்டவர். பையன் போன பிறகு கரண்டியைத் தொடப் பிடிக்காமல் இங்கே வந்தார். வந்த அன்றே அம்மாள் அவரைச் சமையலறையில் விட்டுவிட்டார்.

யாரோ ஒரு பக்தர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்த பீங்கான் கரி அடுப்பு ஒன்று பின்கட்டில் நின்றது. இடுப்பளவு உயரம், முட்டை வடிவம், கனத்த மூடி. காற்று நுழையக் கீழே ஒரு வாய், புகை போக மேலே ஒரு வாய். சற்குணத்தைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை.

அன்று மதியம் அதில் மரவள்ளிக் கிழங்கு சுட்டு, இரண்டு வாயையும் அடைத்துவிட்டு வந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

சற்குணம் தன் அறைக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். கோபத்தில் ஒரே வேட்டியை மூன்று தடவை மடித்தார்.

சன்னல் வழியாகப் பார்த்தபோது, அம்மாள் கையில் ஒரு தட்டோடு அடுப்பருகே நின்றுகொண்டிருந்தார். புகை இல்லை. சத்தம் இல்லை. அம்மாளின் கை மூடியின் பிடிக்குப் போயிற்று.

“அம்மா, மெல்ல...”

சொல்லி முடிப்பதற்குள் அம்மாள் மூடியை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு ஆளுயரத்துக்கு எழுந்தது நெருப்பு.

எப்படி ஓடினார் என்று சற்குணத்துக்குத் தெரியாது. அம்மாளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முன்முடி சுருண்டு கருகியிருந்தது. ஒரு பக்கப் புருவம் இல்லை.

அம்மாள் திமிறிக்கொண்டு, அருகிலிருந்த வாளியைத் தூக்கி அடுப்பை நோக்கிப் போனார்.

“தண்ணி வேண்டாம்மா! பீங்கான் வெடிச்சிடும்!”

சற்குணம் தோள்துண்டைக் கையில் சுற்றி மூடியை இறக்கினார். கீழ்வாயை அடைத்தார். மேல்வாயை அடைத்தார். அதே வாளித் தண்ணீரை அம்மாளின் சூடுபட்ட கையில் ஊற்றினார்.

“கண்ணு தெரியுதாம்மா?”

“தெரியுது.”

இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முடி தீய்ந்த நாற்றம் போகவில்லை. போன மழைக்கு மலை சரிந்து பாதி வேலி போனபோதுகூட அசையாமல் உட்கார்ந்திருந்தவர் அம்மாள். இப்போது அவர் உதடுகள் நடுங்கின. நெருப்பைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் சற்குணத்தை உலுக்கியது.

“எனக்குப் பாடம் சொல்றதுக்காகத் திறந்தீங்களா?” என்று கேட்டார் சற்குணம்.

“இல்லை. உள்ளே கிழங்கு மிச்சம் இருக்கும்னு நினைச்சேன். நெருப்பு போயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“சூடு தெரியலையா?”

“எனக்கு இந்த அடுப்பைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

அம்மாள் சற்றே நகர்ந்து, அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் முன்னால் சீடர்கள் உட்காருவது போல.

“எப்படி மூடணும்னு சொல்லிக் கொடுங்க.”

சற்குணத்துக்கு உடம்பு கூசியது. ஆனாலும் கேட்டவரின் முகத்தில் விளையாட்டு இல்லை.

“முதல்ல கீழ்வாய். அப்புறம் மேல்வாய். காத்து போகாம அடைச்சிடணும்.”

“தண்ணி?”

“ஒரு சொட்டுகூடக் கூடாது. அவசரப்பட்டு அணைச்சா அடுப்பே போயிடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் பண்ணக் கூடாது. விட்டுட்டுப் போயிடணும். மறுநாள் வெளியே பீங்கானைத் தொட்டுப் பார்த்தா ஜில்லுன்னு இருக்கும். அப்போ சாம்பலைத் தள்ளிட்டு உறை போட்டு வச்சிடலாம். மிஞ்சின கரியை எறிய வேண்டாம். அது அடுத்த சமையலுக்கு ஆகும்.”

அம்மாள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“நடுவில அணைஞ்சிருக்கான்னு ஒரே ஒரு தடவை பார்த்தா என்ன?”

“அதுதாம்மா தப்பு. உள்ளே அது தானா அடங்கிக்கிட்டுத்தான் இருக்கும். நாம திறந்து பார்க்கிறதுதான் அதுக்குக் காத்து.”

சொல்லி முடித்த சற்குணம், தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார்.