ஐந்தாவது அடைப்பு

“என் பல்லை எப்ப அடைப்பீங்க, மேடம்?”

திருமேனி இதைக் கேட்பது இது பன்னிரண்டாவது நாள்.

டாக்டர் ஷமீமா கையுறையை மாட்டிக்கொண்டார்.

திருமேனிக்கு வயது ஐம்பத்தொன்று. அருப்புக்கோட்டையில் இருபத்தேழு வருஷமாகப் பல் டாக்டர். அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றைச் சக டாக்டர்கள் நாலு முறை அடைத்திருந்தார்கள். நாலு முறையும் அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை விழுந்தது. ஒவ்வொரு முறையும் குழி பெரிதானது. இன்னொரு முறை தவறினால் பல் போய்விடும்.

ராஜபாளையத்தில் ஷமீமா அடைத்தால் நிற்கும் என்று கேள்விப்பட்டு வந்தார். ஷமீமாவுக்கு வயது முப்பத்தாறு. குழியைத் தற்காலிகமாக மருந்து வைத்து மூடிவிட்டு, ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

“கொஞ்ச நாள் இங்க உட்கார்ந்து பாருங்க, சார்.”

தினமும் பஸ் பிடித்து வந்து பார்த்தார். எண்ணிக்கொண்டே பார்த்தார்.

“சொத்தைன்னு வந்தவங்க தொண்ணூத்தி மூணு பேர். நீங்க அடைச்சது முப்பத்தெட்டு பேருக்கு. நானா இருந்தா தொண்ணூறு பேருக்கு அடைச்சிருப்பேன்.”

“மீதி மூணு பேரு?”

“பயந்து ஓடியிருப்பாங்க.”

ஷமீமா சிரித்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

லாரி டிரைவர் பேச்சிமுத்து வந்தார். கடைவாய்ப் பல்லில் மிளகளவு கறுப்பு.

“சட்டுனு அடைச்சு விடுங்கம்மா. மத்தியானம் லோடு ஏத்தணும்.”

ஷமீமா ஒரு புது பிரஷ்ஷையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தார்.

“தேய்ச்சுக் காட்டுங்க.”

“வீட்டுலயே தேய்ச்சிட்டுத்தானேம்மா வந்தேன்.”

“நான் பார்க்கலையே.”

தேய்த்தார். ஷமீமா காற்றடித்துப் பல்லை உலர்த்தினார். கறுப்பு கெட்டியாக, பளபளவென்று இருந்தது. அதன் மேல் அழுக்கு ஒரு பொட்டுகூட இல்லை.

“ஆறு மாசம் கழிச்சு வாங்க. அடைக்க வேண்டாம்.”

அடுத்து எஸ்தர் டீச்சர். கடைசிப் பல்லில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற, சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு. நடுவில் சின்னத் துளை. டீச்சர் மூன்று முறை தேய்த்தார். மூன்று முறையும் துளைக்குள் இருந்த அழுக்கு துளைக்குள்ளேயே இருந்தது.

ஷமீமா ட்ரில்லை எடுத்தார்.

திருமேனி எட்டிப் பார்த்தார். மெத்தென்று இருந்த பாகம் மட்டும் போனது. நரம்புக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு படலம் மிச்சம். அவராக இருந்தால் அதையும் குடைந்திருப்பார்.

ட்ரில் நின்றது.

“அது?” என்றார் திருமேனி.

“அது இருக்கட்டும். மேல நல்லா மூடிட்டா அடங்கிடும்.”

இருபத்தேழு வருஷத்தில், அந்த இடத்தில் நின்ற ஒரு கையை அவர் கண்டதில்லை.

டீச்சர் போனதும் கேட்டார்:

“கறுப்பை விட்டீங்க. வெள்ளையைக் குடைஞ்சீங்க. எதைப் பார்த்து முடிவு பண்றீங்க, மேடம்?”

“நாற்காலியில உட்காருங்க, சார்.”

அப்பாடா என்று உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

ஷமீமா பிரஷ்ஷை நீட்டினார்.

“எனக்கா?”

“தேய்ச்சுக் காட்டுங்க.”

கால் நிமிஷம் தேய்த்துவிட்டுத் துப்பினார். தண்ணீர் ஈறு ரத்தத்தோடு சிவப்பாக விழுந்தது.

ஷமீமா அவர் வாயைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார்.

“இன்னொரு தடவை.”

பிரஷ் அந்தக் கடைவாய்ப் பல்லின் ஓரத்தில், இதுவரை படாத ஓர் இடத்தில் பட்டது. வலித்தது.

மறுநாள் திருமேனி எதுவும் கேட்கவில்லை. பிரஷ்ஷைத் தானே எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் அவர் துப்பிய தண்ணீரில் நிறமில்லை.

ஷமீமா ட்ரில்லை எடுத்தார்.