தூண்டில் போட்டால் பேசக்கூடாது

தணிகாசலத்துக்குக் குரு உண்டு. எனக்குக் கிடையாது, எனக்குப் படகு ஒன்றுதான். ஏரிக்கரை மடத்துச் சாமியிடம் அவன் எட்டு வருஷமாகப் போய்வருகிறான். அத்தனை வருஷத்தில் அவன் கேட்டதில் உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்று. அன்றைக்கு நானும் கூட இருந்தேன்.

எங்கள் கூட்டாளி லூர்துவுக்கு ஈரலில் புற்று. மிஞ்சினால் மூன்று மாதம். லூர்து கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அதனால் டாக்டர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தணிகாசலத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இவன் வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லி அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். அன்றோடு இவன் தூக்கம் போயிற்று. என்னிடம் வந்து கொட்டினான், என் தூக்கமும் போயிற்று.

"சொன்னா நானே அவனைக் கொன்ன மாதிரி, சாமி. சொல்லலேன்னா துரோகம். நான் என்ன செய்ய?" என்று மடத்தில் கேட்டான்.

சாமி என்னைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை படகு சும்மா இருக்குமா என்று கேட்டார்.

ஞாயிறு காலை நாலு பேரும் ஏரிக்குள் போனோம். லூர்து பாதியாக இளைத்திருந்தான். சட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆனால் வாய் மட்டும் இளைக்கவில்லை. சாமி மீன் தின்னமாட்டார் என்பது மீன்களுக்குத் தெரியும், எல்லாம் அவர் பக்கம்தான் ஒதுங்கும் என்றான். புழு கோக்க மைதீனுக்கு இன்னும் வரவில்லை என்று என்னை வேறு இழுத்தான். முப்பது வருஷமாக இந்த ஏரியில் கிடக்கிறவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது. ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

தணிகாசலம் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாமி அவனைப் பார்ப்பார். அவன் உதட்டில் விரலை வைப்பான். தூண்டில் போட்டால் பேசக்கூடாது, மீன் கலைந்துவிடும். பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்களுக்குள் அது சட்டம். லூர்து ஒருநாளும் அதை மதித்ததில்லை. தணிகாசலத்துக்கு அன்றைக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று.

உச்சி வெயிலில் சாமி புழு டப்பாவை எடுத்து ஏரியில் கவிழ்த்தார். தூண்டில்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி என் காலடியில் வைத்தார்.

"இனிமே பேசலாம்," என்றார்.

நான் துடுப்பை விட்டுவிட்டேன், படகு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் லூர்துதான் வாயைத் திறந்தான். வகுப்புக்கு மட்டம் போட்டு இங்கே வந்த தணிகாசலம் தலைமையாசிரியரிடம் மாட்டிக்கொண்டதையும், கால்சட்டைப் பையில் உயிரோடு ஒரு கெண்டையை வைத்துக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்ததையும் சொன்னான். நெளிந்து நெளிந்து நடித்தும் காட்டினான். சாமியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தணிகாசலமும் சிரித்தான், சிரிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொழுது சாயும்வரை லூர்து எங்களை விடவில்லை.

கரை சேர்ந்ததும், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவன் மடத்துக்குப் பின்னால் இருக்கும் கிணற்றடிக்குப் போனான். நான் படகைக் கட்டினேன். கட்டி முடித்து, துடுப்பை மேலே ஏற்றி, உள்ளே கிடந்த தண்ணீரையும் இறைத்தேன்.

தணிகாசலம் சாமியிடம் சொன்னான்: "முடியலை சாமி. வாய் வரைக்கும் வந்துச்சு. எவ்வளவு சந்தோஷமா இருக்கான். தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

"நீ என்கிட்ட வந்ததுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவன் வந்தான்," என்றார் சாமி. "ஆஸ்பத்திரியிலே கேட்டு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டான். நீ தாங்கமாட்டே, தனக்குத் தெரியும்ங்கிறது உனக்குத் தெரியவேண்டாம்னு கேட்டுக்கிட்டான்."

தணிகாசலம் கிணற்றடிப் பக்கம் திரும்பினான். லூர்து இன்னும் வரவில்லை.

"முகம் கழுவ இவ்வளவு நேரம் ஆகாது," என்றார் சாமி. "போ."