துண்டுக்குப் பதில் தார்ப்பாய்

சித்திரை வெயிலில் மாட்டுச்சந்தை மண் காலைச் சுட்டது. பெரிய வியாபாரி ரத்தினசபாபதி லாரியைக் காட்டினார். "இருபது மாட்டையும் இப்பவே ஏத்து. கண்ணு படாம மேலே தார்ப்பாயை இழுத்து மூடு. போய் இறங்கையில ஒண்ணு படுத்திருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல."

மாடு ஏற்றும் ஒச்சு தலையைச் சொறிந்தான். "ஆகட்டும் முதலாளி. கூலியை மட்டும் சந்தை வழக்கப்படி பேசிருவோம்."

துண்டுக்குள் கையை மறைத்து, விரலைப் பிடித்துப் பேரம் பேசுவது அங்கே வழக்கம். பேச்சு முடியும் முன் கையை உருவினால் பெரிய மனுசனுக்கு இழுக்கு.

"என் துண்டு கிழிசல் முதலாளி" என்று சொல்லி, காலையிலிருந்து வெயிலில் கிடந்த தார்ப்பாயின் நுனியை இழுத்து இருவர் கைக்கும் மேல் போட்டான் ஒச்சு. அவர் விரல்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பிடித்தான். விட்டான். மறுபடி முதலிலிருந்து பிடித்தான். கூட்டம் கூடிவிட்டது. ரத்தினசபாபதிக்கு வியர்த்துக் கொட்டியது.

"விடுடா, கை வேகுது!" என்று உருவிக்கொண்டார்.

"ஒரு கைதானே முதலாளி உள்ள இருந்துச்சு?"

சந்தையே சிரித்தது. சிவந்த கையை ஊதிக்கொண்டே, "சரி, நீயே சொல்லு" என்று அதை மறுபடி நீட்டினார்.

ஒச்சு கையைப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து நின்றான்.

"இதை மூடிப் பேச வேணாம், எல்லாரும் கேக்கட்டும். தண்ணி காட்டிட்டு, வெயில் தாழ்ந்தப்புறம் பன்னெண்டு மாடுதான் ஏத்துவேன். தார்ப்பாய் கிடையாது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து லாரிகளிலும் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.